செலாவணியும் நாணயமும்: முத்துக்கரையிலும் ருமேனிய நாட்டிலும் வழிபாட்டுச் சொற்கள்

திருமறை மொழிபெயர்ப்பின் வரலாற்றை நம் இறையியல் கல்லூரிகளில் கற்பிக்கையில் ஜெரோம், லூத்தர், டிண்டேல் என ஒரு வரிசையையும், சீகன்பால்கு, பப்ரிசியுஸ், இரேனியுஸ், பவர் என மற்றொரு வரிசையையும் நிறுத்திக் காட்டுவது வழக்கம். இவ்வரிசைகள் தவறானவை அல்ல, ஆயினும் போதாதவை. முதல் வரிசை ஐரோப்பாவின் மேற்குப் பகுதியோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் வரிசை தரங்கம்பாடியிலிருந்தே தொடங்குகிறது. இதனால் இரண்டு செய்திகள் நம் மாணாக்கரின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. ஐரோப்பாவின் கிழக்கே ருமேனிய மக்கள் தங்களுக்குப் புரியாத வழிபாட்டு மொழியினின்றும் விடுபட்டுத் தாய்மொழியில் மன்றாடப் பட்ட பாடு ஒன்று. தரங்கம்பாடிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே தூத்துக்குடியைச் சூழ்ந்த முத்துக்குளித்துறைக் கரையில் பரதவர் மக்களிடையே கிறிஸ்தவச் சொற்கள் தமிழில் உருவான வரலாறு மற்றொன்று.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விரு மக்களுக்கும் இடையே நேரான தொடர்பு இருந்தது என்று நாம் கூற வரவில்லை. ஒரே நூற்றாண்டில் ஒரே இடர்ப்பாட்டை அவர்கள் எதிர்கொண்டனர் என்பதே நம் கருத்து. அவ்விடர்ப்பாடு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆலயத்தில் நாம் எந்தச் சொல்லால் கடவுளை அழைக்கிறோம், எந்தச் சொல்லை விட்டுவிட அஞ்சுகிறோம், பிற நாட்டுத் திருச்சபையின் நூலொன்றைத் தமிழாக்கும்போது எதை இழக்கிறோம் என்னும் வினாக்கள் எல்லாம் அதனுள் அடங்கும்.

1. ஒரு வினைச்சொல்லின் விலை

பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. பரதவர் பெருங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. போர்த்துகீசியமும் தமிழும் ஓரளவு அறிந்த சிலரைத் துணைக்கொண்டு அவர் மன்றாட்டுகளையும் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் அமைத்தார், மனப்பாடம் செய்தார், ஊர் ஊராகச் சென்று மக்கள் வாயில் ஏற்றினார். சிறுவர் இல்லங்களுக்குச் சென்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தனர்.

அவ்வாறு பரவிய விசுவாசப் பிரமாணத்தில் ஒரு குறை இருந்தது. விசுவாசிக்கிறேன் என்று அறிக்கையிட வேண்டிய இடத்தில் எனக்கு வேணும் என்று மக்கள் சொல்லிக்கொண்டிருந்தனர். சவேரியார் 1544-இல் தம் உடனூழியர் மன்சில்யாசுக்கு எழுதிய கடிதத்தில், வேணும் என்பதை நீக்கி விசுவாசம் என்னும் சொல்லை அவ்விடத்தில் அமைக்குமாறு பணித்தார். அக்கடிதத்திலேயே மற்றொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் வன்பினாலே என்னும் சொல் வந்திருந்தது. அவர் பலவந்தத்தினால் பாடுபடவில்லை, தம் சொந்த விருப்பத்தினாலேயே பாடுபட்டார் என்பதைக் காட்டி, அச்சொல்லையும் விலக்கச் சொன்னார்.

இவ்விரு திருத்தங்களையும் மொழி தெரியாத ஒருவரின் தடுமாற்றமாகக் கருதி நகைத்துவிட்டுப் போவது எளிது. அவ்வாறு போகலாகாது. வேணும் என்பது வழக்கில் இல்லாத சொல்லா? அன்று. தமிழரின் வாயில் அதனினும் மிகுதியாகப் புழங்கும் சொல் அரிது. வேண்டுதல் என்றால் மன்றாடுதல் என்றே நம் மொழியில் பொருளும் உண்டு. கடலில் இறங்கும் முத்துக்குளிப்பவனும், கரையில் காத்திருக்கும் அவன் மனைவியும் கடவுளிடம் சொல்வதற்கு இதைவிட இயல்பான சொல் இல்லை. ஆயினும் விசுவாசப் பிரமாணம் வேண்டுகோள் அன்று, அது அறிக்கை. நமக்குத் தேவையானதைக் கடவுளிடம் கேட்பது வேறு. கேட்டது கிடைப்பினும் கிடையாவிடினும் அவரைச் சார்ந்து நிற்பது வேறு. வேணும் என்னும் சொல் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. பெருங்கூட்டத்தார் நாள்தோறும் வாய்விட்டுச் சொல்லும் ஓர் அறிக்கையில் ஒரு வினைச்சொல் பிறழ்ந்தால், அவர்தம் சமயமே தேவைகளின் சமயமாக மாறிவிடக்கூடும். சவேரியார் இதனை உணர்ந்தார் என்பதே அக்கடிதத்தின் சிறப்பு.

2. அதே ஆண்டில் சிபியு நகரில்

இக்கடிதம் எழுதப்பட்ட அதே 1544-ஆம் ஆண்டில், திரான்சில்வேனியாவின் சிபியு நகரில் ருமேனிய மொழியில் ஒரு லூத்தரன் ஞானோபதேச நூல் அச்சாயிற்று. நகராட்சிக் கணக்கேட்டில் அதற்கான செலவு பதிவாகியுள்ளது; நூலின் ஒரு படியும் எஞ்சவில்லை. பின்னர் 1559-இல் பிராஷோவ் நகரில் தியாக்கோன் கொரெசி வினாவிடை வடிவில் ஒரு ஞானோபதேசத்தையும், 1560-61-இல் நான்கு நற்செய்திகளையும் ருமேனிய மொழியில் அச்சிட்டார்.

ருமேனியரின் நிலை விந்தையானது. அவர்கள் மொழி இலத்தீனின் மகள், போர்த்துகீசியத்துக்கு உடன்பிறப்பு. ஆனால் அவர்கள் திருச்சபை கீழைத் திருச்சபை. அதன் வழிபாட்டு மொழி ஸ்லாவோனியம். வீட்டில் பேசும் மொழி ஒன்று, பீடத்தின் முன் கேட்கும் மொழி வேறு. கொரெசி தம் பதிப்புரையில், புரியாத மொழியில் பதினாயிரம் வார்த்தைகள் பேசுவதிலும் கருத்தோடு ஐந்து வார்த்தைகள் பேசுவது நலம் என்னும் பவுலின் வாதத்தை எடுத்துக் காட்டினார். இம்முயற்சிகளில் சில, சீர்திருத்தத் திருச்சபையார் தந்த ஊக்கத்தாலும் பொருளுதவியாலும் நிகழ்ந்தவை. அவர்கள் நோக்கம் தங்கள் சபைக்கு ஆள் சேர்ப்பதாகவும் இருந்தது. மக்களோ பெரும்பாலும் தங்கள் பழைய திருச்சபையிலேயே நிலைத்தனர். நூல்களை மட்டும் தமதாக்கிக்கொண்டனர். மொழிபெயர்ப்பாளன் எண்ணியது ஒன்று, மொழிபெயர்ப்புச் செய்தது வேறொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எழுத்து மாற்றத்திலும் ஓர் ஒப்புமை உண்டு. ருமேனியரின் முதல் நூல்கள் ஸ்லாவியரின் சிரில் எழுத்தில் அமைந்தன; 1860-களிலேயே அம்மொழி அதிகாரபூர்வமாக இலத்தீன் எழுத்துக்கு மாறியது. நம் கரையில் நடந்தது இதன் மறுதலை. 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மன்றாட்டு நூல் உரோம எழுத்தில் இருந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்திலேயே வந்தது. லிஸ்பன் நூலைத் தமிழில் அமைத்தவர்கள் வின்சென்ட் தெ நசரெத், ஜோர்ஜ் கர்வாலியோ, தொமே த குரூஸ் என்னும் மூவர். போர்த்துகீசியப் பெயர் தாங்கிய இக்கரையின் தமிழர் இவர்கள். தம்பிரான் வணக்கத்தின் அச்சுச் செலவைத் தாங்கியவர்கள் பரதவர் மக்கள். பதினாறு பக்கங்களே கொண்ட அந்நூலை என்றிக்கே என்றிக்கஸ் அடிகளாரும் மனுவேல் தெ சான் பெத்ரோ அடிகளாரும் தமிழாக்கினர். நம் பாடநூல்கள் இதனை மேனாட்டுத் தொண்டர் ஒருவரின் சாதனையாக மட்டும் கூறும்போது, சொல்லைத் தந்த வாயையும் பொருளைத் தந்த கையையும் மறந்துவிடுகின்றன.

3. சிமியோன் ஷ்டெஃபானின் அளவுகோல்

ருமேனிய மொழியில் முழுமையான புதிய ஏற்பாடு முதன்முதலில் 1648-இல் ஆல்பா யூலியா நகரில் வெளிவந்தது. அதற்குப் பொறுப்பேற்ற பேராயர் சிமியோன் ஷ்டெஃபான் எழுதிய முகவுரை, மொழிபெயர்ப்பியல் மாணாக்கர் யாவரும் அறியவேண்டிய ஒன்று. ருமேனியர் பல நாடுகளில் சிதறிக் கிடந்தமையால் எல்லாரும் ஒரே வகையாகப் பேசவில்லை. எல்லாருக்கும் விளங்கும்படி எழுதுவது அரிது என அவர் ஒத்துக்கொள்கிறார். அதன்பின் ஓர் உவமை கூறுகிறார். சொற்கள் நாணயங்களைப் போன்றவை. எல்லா நாடுகளிலும் செல்லுபடியாகும் நாணயமே நல்ல நாணயம். அதுபோல எல்லாரும் அறியும் சொல்லே நல்ல சொல் என்பது அதன் கருத்து.

துறைமுகத்தில் வாழ்வார்க்கு இவ்வுவமை உடனே விளங்கும். கப்பல் கொண்டுவந்த காசு எந்த அரசன் அச்சிட்டது என்று வணிகன் முதலில் பார்ப்பதில்லை. அங்காடியில் செல்லுமா என்றே பார்க்கிறான். சொற்களும் இவ்வாறே. ஜன்னல், சாவி, அலமாரி, ஏலம் ஆகியவை போர்த்துகீசியச் சொற்கள் என்பதை இன்று எத்தனைபேர் எண்ணிப்பார்க்கின்றனர்? மேசை என்று தமிழனும் மாஸெ என்று ருமேனியனும் சொல்கையில், இருவரும் ஒரே இலத்தீன் சொல்லின் இரு பேரப்பிள்ளைகளையே அழைக்கின்றனர். இக்கரையில் இன்றும் வழங்கும் குருசு, குருசடி என்பனவும் ருமேனியரின் குருச்சே என்பதும் அத்தகையனவே. நாம் நம்முடையதெனக் கருதும் சிலுவையோ சீரிய மொழியிலிருந்து வந்தது. ஞாயிறுதோறும் அதனைப் பாடும் சபையார்க்கு அது அந்நியச் சொல் என்னும் ஐயமே எழுவதில்லை. செலாவணி அதனைத் தமிழாக்கிவிட்டது.

ஆகவே சொல்லின் பிறப்பிடத்தைக் கொண்டு அதனை ஏற்பதும் தள்ளுவதும் பயனற்றவை. ருமேனிய அறிஞர் சிலர் இதனை ஏற்கவில்லை. தம் மொழியிலுள்ள ஸ்லாவியச் சொற்களை நீக்கி அதனை முழு இலத்தீன் சாயலுக்குத் திருப்ப விழைந்தனர். லவுரியானும் மஸ்ஸிமும் 1871-ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்ட பேரகராதியில் அயற்சொற்களைத் தனியே பிரித்து ஒதுக்கினர். மக்கள் அவ்வகராதியின் வழியே செல்லவில்லை. மகிமைக்கு ஸ்லாவா, இரக்கத்துக்கு மிலா, ஆவிக்கு துஹ் என்னும் ஸ்லாவியச் சொற்களே இன்றும் அவர்கள் மன்றாட்டில் உள்ளன. தனித்தமிழ் இயக்கம் நம் மொழிக்குச் செய்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அகராதியில் வெல்லும் சொல் ஆலயத்திலும் வெல்லும் என்று எண்ணுவது பேதைமை.

4. அளவுகோலின் குறை

இங்கே நாம் சிமியோன் ஷ்டெஃபானுடன் சற்று மாறுபட வேண்டியுள்ளது. செலாவணி ஒன்றே போதுமாயின், வேணும் என்னும் சொல்லை நீக்க வேண்டிய தேவை என்ன? அது எல்லா வாயிலும் செல்லுபடியான சொல்லாயிற்றே!

நம் மொழியில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. காசும் நாணயம், நேர்மையும் நாணயம். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பதால் ருமேனியப் பேராயரின் உவமையை அவர் கூறியதினும் ஒருபடி மேலே கொண்டுசெல்லத் தமிழனால் முடியும். ஒரு சொல் பலர் கையில் புழங்கினால் அதற்குச் செலாவணி உண்டு. தான் குறிக்கும் பொருளின் எடையை அது குறையாமல் தாங்கினால் அதற்கு நாணயம் உண்டு. வேணும் என்பதற்குச் செலாவணி இருந்தது, நாணயம் இல்லை. என்றிக்கஸ் காலத்தில் தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட போர்த்துகீசியச் சொற்கள் பலவற்றுக்கு நாணயம் இருந்தது, செலாவணி இல்லை. அருளைக் குறிக்கும் கிராசா என்பதை அப்படியே வைத்தால் கோட்பாட்டில் தவறு நேராது. கேட்பவன் நெஞ்சில் ஒன்றும் நேராது என்பதே குறை. அதனாலன்றோ பின்னர் மதுரையில் தத்துவபோதகர் தெ நொபிலி, அருளுக்குப் பிரசாதம் எனவும், ஆலயத்துக்குக் கோயில் எனவும் நாட்டார் அறிந்த சொற்களைத் தேடிச் சென்றார்? அச்சொற்களுக்கு வேறு சமயத்தின் எடையும் சேர்ந்து வந்தது என்பது தனி ஆராய்ச்சிக்குரியது.

இக்கரைக்கு உரிய ஓர் எடுத்துக்காட்டு இதனை மேலும் தெளிவாக்கும். மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் நல்ல முத்துகளைத் தேடும் வணிகனைப் பற்றிய உவமை உள்ளது. முத்துக்கு ருமேனியர் வழங்கும் மர்கரிதார் என்னும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ரத்தினங்கள், மரங்கள், ஆடைகள் ஆகியவற்றின் பெயர்களுள் ருமேனிய மொழியில் இன்னதெனத் தெரியாதவற்றைக் கிரேக்கத்தில் உள்ளவாறே விட்டதாகச் சிமியோன் ஷ்டெஃபான் முகவுரையில் கூறுவது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தமிழ் மொழிபெயர்ப்பாளனுக்கு அந்த இக்கட்டு இல்லை. கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகர் கையேடான பெரிப்புளூஸ் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. ஆதலின் அவ்வுவமையைக் கேட்ட கிரேக்கருள் சிலரேனும் இக்கரை முத்தைக் கண்டிருக்கக்கூடும். முத்து என்றவுடன் இங்குள்ளோர்க்கு, துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துத் தரம் பிரித்ததும், தராசில் நிறுத்ததும், ஆணிமுத்து ஒன்றுக்காக வணிகர் காத்திருந்ததும், மூச்சடக்கி மூழ்கியவன் பங்கு எவ்வளவு என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. முத்துக்குளிப்பு நின்று பல்லாண்டுகள் ஆனபின்னும் அந்நினைவு முற்றும் அழியவில்லை. இங்கு ஒரு போதகர் அவ்வுவமையைப் பிரசங்கிக்கும்போது, முத்தை வாங்கியவனை மட்டும் பேசி எடுத்தவனை மறந்தால் சபையார் அதனைக் கவனிப்பர். சொல் அத்துணை எடையுடன் அவர்களிடம் உள்ளது. செலாவணியும் நாணயமும் ஒருங்கே அமைந்த சொல் இது.

5. ஏக்கம் என்னும் துறை

இதுகாறும் திருமறையைப் பற்றிப் பேசினோம். இலக்கியத்துக்கும் இவ்வளவுகோல் பொருந்துமா? ருமேனியப் பெருங்கவிஞர் மிஹாய் எமினெஸ்கு 1883-இல் வெளியான தம் கவிதையொன்றில், கடலின் ஓரத்தில் அமைதியாக இறக்கவேண்டும் என்னும் தம் கடைசி நாட்டத்தைப் பாடியுள்ளார். கவிதைத் தலைப்பிலேயே தோர் என்னும் சொல் உள்ளது. துயரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. பிரிந்ததை எண்ணி வருந்துதல், இல்லாததை நாடி உருகுதல், அவ்வுருக்கத்திலேயே ஓர் இனிமை காணுதல் ஆகிய மூன்றும் அதில் உண்டு. தங்கள் சொல்லைப் பிறமொழியில் பெயர்க்கவியலாது என்று ருமேனியர் பெருமையுடன் கூறுவதுண்டு.

ஆங்கிலத்தில் இவ்விடத்தில் விருப்பம் எனப் பொருள்படும் சொல்லை இட்டவர்கள் உண்டு. தமிழர் ஒருவர் ருமேனிய மொழி அறியாது ஆங்கில வழியே இக்கவிதையைத் தமிழாக்கினால் என்ன எழுதுவார்? எனக்கு ஒரு விருப்பம் உண்டு என்பார். அல்லது எனக்கு ஒன்று வேண்டும் என்பார். அவ்வாறு எழுதினால் 1544-இல் திருத்தப்பட்ட அதே இடறலில் மீண்டும் விழுந்தவராவார். சாகும் மனிதனின் உருக்கம் கடைக்குச் சென்றவனின் தேவையாகச் சுருங்கிவிடும்.

தமிழில் தக்க சொல் இல்லையா எனின், உண்டு. அதுவும் கடற்கரையிலேயே உண்டு. நம் முன்னோர் நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக வகுத்தது இரங்கல். கடலைப் பார்த்துக் கரையில் நிற்பவரின் ஆற்றாமை அது. ஏக்கம் என்னும் வழக்குச் சொல்லும் அதனோடு ஒட்டி வரும். எமினெஸ்குவின் கவிதை கடலோரத்தையே களமாகக் கொண்டிருப்பதால், தமிழ் வாசகன் அதனை நெய்தற்பாட்டாகவே படிக்க இயலும். பெயர்க்கவியலாத சொல் என்று கூறப்பட்டது பெயர்க்கக் கூடியதே. ஆனால் ஆங்கில அகராதியைப் பார்த்தல்ல, நம் மரபைப் பார்த்து. தோர் என்பதற்கும் இரங்கலுக்கும் வேறுபாடே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. நெய்தலில் இரங்குபவள் பெரும்பாலும் தலைவி. எமினெஸ்குவின் பாட்டில் ஏங்குவது தனித்த ஓர் உயிர். அவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளன் மறைக்காமல் சொல்லிவிடுவானாயின் குறையில்லை.

6. நம் சபைகளுக்கு

சொற்கள் பாலமாவது போலவே வேலியாவதும் உண்டு. ருமேனியாவில் பரிசுத்த ஆவியைக் கீழைத் திருச்சபையாரும் நற்செய்திச் சபையாரும் துஹ் என்பர். கத்தோலிக்கர் ஸ்பிரித் என்பர். ஒரு சொல்லைக் கேட்டவுடன் பேசுபவர் எச்சபையார் என்று அறிந்துவிடலாம். நம் நாட்டில் பரிசுத்த ஆவி, தூய ஆவி என்பனவும், தேவன், கடவுள் என்பனவும் அவ்வாறே ஆகிவிட்டன. சீகன்பால்கு சர்வேசுரன் என்றார். பப்ரிசியுஸ் பராபரன் என்றார். 1871-இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1956-இன் திருத்திய மொழிபெயர்ப்பு கடவுள் என்றது. இக்கடைசி நூல் செம்மையானதாயினும் நம் சபைகளில் பெரும்பாலானவை அதனை ஏற்கவில்லை. அறிஞர்கள் இதனைப் பாமரரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. மரணப் படுக்கையிலும், புயலில் படகு திரும்பாத இரவிலும், தாயின் மடியிலும் கேட்ட சொல்லுக்கு ஏறிய எடை, குழு கூடித் தெரிந்தெடுத்த சொல்லுக்கு ஒரு தலைமுறையில் ஏறாது. அதே வேளையில், பழகிவிட்டது என்னும் ஒன்றையே காரணமாகக் கொண்டு பிழைபட்ட சொல்லைக் காத்தலும் கூடாது. வேணும் என்பதும் பழகியிருந்தது. ஆயினும் அது திருத்தப்பட்டது.

ஆதலின் திருமறைத் திருத்தப் பணியிலும், பிற நாட்டு இறையியல் நூல்களைத் தமிழாக்கும் பணியிலும் ஈடுபடும் நம் மாணாக்கர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சோதிக்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள். இச்சொல் சபையாரிடம் செல்லுமா என்பது முதல் சோதனை. அதனை அறைக்குள் இருந்து செய்ய இயலாது. இச்சொல் மூலத்தின் எடையைத் தாங்குமா என்பது இரண்டாம் சோதனை. அதற்கு மூலமொழி தெரிந்திருக்கவேண்டும், அல்லது தெரிந்தவரை நாடவேண்டும். துமித்ரு ஸ்டெனிலோயே போன்ற ருமேனிய இறையியலாரை ஆங்கில வழியே மட்டும் அறிந்து தமிழில் எழுதுவோர், அருள், ஏக்கம், இரக்கம் ஆகிய சொற்கள் வரும் இடங்களிலேனும் ருமேனிய மூலத்தில் என்ன சொல் உள்ளது என்று கேட்டறிதல் தகும்.

தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் 1967-இல் என்றிக்கஸ் அடிகளாரின் அடியார் வரலாற்றைச் சே. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பில் வெளியிட்டது. கத்தோலிக்கர் நூல் என்று நம் மாணாக்கர் அதனை ஒதுக்காமல் எடுத்துப் படிப்பாராயின், தங்கள் பிரசங்கத்தில் வழங்கும் சொற்கள் பலவற்றின் இளமைக் கோலத்தை அதில் காண்பர். எவை நிலைத்தன, எவை மறைந்தன, ஏன் என்று ஒரு பட்டியல் எழுதிப்பார்க்கட்டும். மொழிபெயர்ப்பியலில் அதுவே முதற்பாடமாக அமையத் தகும்.